ஷாம்ராக்: காய்ந்தால் எறிந்துவிடாதீர்கள்

நர்சரிகளில் நிழல்வலைக்குக் கீழே, பெரணிக்கும் கலேடியத்துக்கும் நடுவில், கத்தரிப்பூ நிற இலைகளோடு ஒரு சின்னச் செடி கொஞ்ச காலமாகக் கண்ணில் படுகிறது. மெல்லிய காம்பு ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று முக்கோண இலைத்துண்டுகள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வெளிர்ஊதாத் தீற்று. பெயரட்டை இருந்தால் ‘பர்பிள் ஷாம்ராக்’ என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால் கடைக்காரர் ‘ஆக்ஸாலிஸ்’ என்பார். ஆசையாக வாங்கிப்போகிறவர்களில் பலர், அடுத்த கோடையில் இலையெல்லாம் சுருண்டதும் ‘செடி செத்துப்போச்சு’ என்று தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டிய மண்ணுக்குள் செடி உயிரோடுதான் இருக்கும். இதற்கு நேர்மாறாக, இதே இனத்தின் வேறு சில செடிகளைப் பூ அழகாக இருக்கிறதே என்று தரையில் நட்டுவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றே. மண்ணுக்கு மேலே தெரிவதை வைத்து இந்தச் செடியை எடைபோடுகிறோம். இதன் பிழைப்போ முக்கால்வாசி மண்ணுக்குக் கீழே நடக்கிறது.

அதற்குள் போகும் முன் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம்.

ஷாம்ராக் அயர்லாந்தின் சின்னம். மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாளன்று அங்கே சட்டையில் அதைக் குத்திக்கொள்வார்கள். மூவொரு கடவுள் தத்துவத்தை விளக்க பாட்ரிக் மூவிலையைப் பறித்துக் காட்டினார் என்பது கதை. பாட்ரிக் வாழ்ந்தது 5ஆம் நூற்றாண்டில். இந்தக் கதை எழுத்தில் தெளிவாகத் தலைகாட்டுவதோ 1726இல், கேலப் த்ரெல்கெல்ட் என்பவர் அயர்லாந்துத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில். சின்னம் சரி, அது எந்தச் செடி? 1830இல் ஜேம்ஸ் பிச்செனோ என்ற தாவர ஆர்வலர், ஆதி ஷாம்ராக் ஐரோப்பியக் காடுகளில் வளரும் புளிப்பு இலைச் செடியான ஆக்ஸாலிஸ் அசெட்டோசெல்லாவே என்று வாதாடினார். வாதம் நீண்டுகொண்டே போயிற்று. டப்ளினைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர் நத்தானியல் கோல்கன் புத்தகத்தைப் புரட்டாமல் ஜனங்களிடமே கேட்டுவிட்டார். 1890களின் தொடக்கத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ‘நீங்கள் ஷாம்ராக் என்று அணிவதை வேரோடு அனுப்புங்கள்’ என்று வரவழைத்து, நட்டு, பூக்கும்வரை காத்திருந்து அடையாளம் கண்டார். முதலிடம் மஞ்சள் பூப் பூக்கும் சிறு க்ளோவருக்கு, இரண்டாமிடம் வெள்ளைக் க்ளோவருக்கு. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1988இல், டப்ளின் தேசியத் தாவரவியல் தோட்டத்தின் சார்லஸ் நெல்சன் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்தார். அந்த இரண்டு இடங்களும் மாறவில்லை. ஒரு கேள்விக்கு விடை காண இதைவிட நேர்மையான வழி இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஆக, அயர்லாந்துக்காரர்கள் ஷாம்ராக் என்பது க்ளோவரை. அது பட்டாணிக் குடும்பம். நம் வெந்தயமும் குதிரைமசாலும் அதன் நெருங்கிய உறவுகள். வெந்தயக் கீரையின் இலையை உற்றுப் பார்த்தால் சாயல் தெரியும். 1952இல் அயர்லாந்துத் தூதர் ஜான் ஹெர்ன் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சிறு பெட்டி ஷாம்ராக் அனுப்பினார். இன்று வெள்ளை மாளிகையில் ஒவ்வொரு மார்ச்சிலும் படிகக் கிண்ணத்தில் வழங்கப்படும் பச்சை அந்தப் பெட்டியின் வாரிசு. ஆனால் க்ளோவர் வீட்டுக்குள் தொட்டியில் மனம் ஒப்பி வளராது. வெளிச்சம் போதாமல் நீண்டு துவண்டுவிடும். அமெரிக்கக் கடைக்காரர்களுக்கோ மார்ச் மாதத்தில் தொட்டியில் நிறுத்தி விற்க மூவிலைச் செடி ஒன்று வேண்டும். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஆக்ஸாலிஸ். பச்சை இலை, வெள்ளைப் பூ கொண்ட வகையும், கத்தரிப்பூ நிற வகையும் அங்கே ‘ஷாம்ராக்’ என்றே விலைபோகின்றன. அந்தப் பெயர்தான் நம்மூர் நர்சரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் கையிலிருப்பது எது என்று சந்தேகம் வந்தால் இலைத்துண்டின் நுனியைப் பாருங்கள். க்ளோவரில் அது முட்டை வடிவில் முழுதாக இருக்கும், சிலவற்றில் நடுவே வெள்ளைக் கோடு வளைந்து ஓடும். ஆக்ஸாலிஸில் நுனி உள்வாங்கி இதய வடிவமாகவோ முக்கோணமாகவோ இருக்கும். மருந்து அடிக்காத செடி என்று தெரிந்தால், இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தாலே சந்தேகம் மொத்தமாகத் தீரும்: ஆக்ஸாலிஸ் புளிக்கும்.

புளியாரையின் பங்காளி

புளிப்பு நமக்குப் புதிதல்ல. ரோஜாத் தொட்டியின் ஓரத்தில் தானாக முளைத்து, மஞ்சள் பூவோடு படரும் புளியாரையும் ஓர் ஆக்ஸாலிஸ்தான். துவையலுக்கும் பருப்புக் கடையலுக்கும் ஆகும் அந்தக் கீரையை நாம் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் தென்னமெரிக்கப் பங்காளியைக் காசு கொடுத்து வாங்கிவந்து அதே தொட்டியில் வைக்கிறோம். குடும்பத்தின் மர உறுப்பினர்களும் நமக்குத் தெரிந்தவர்கள்: நட்சத்திரப் பழம், பிலிம்பி. ஆண்டிஸ் மலைவாசிகள் ஓக்கா என்ற ஆக்ஸாலிஸின் கிழங்கை உருளைக்கிழங்குபோலப் பயிரிட்டு, வெயிலில் காயவைத்துப் புளிப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறார்கள்.

(வயலில் முளைக்கும் ஆரைக்கீரை நாலு இலையோடு இருப்பதால் அதையும் அதிர்ஷ்ட க்ளோவர் என்று சிலர் படமெடுத்துப் போடுகிறார்கள். அது பூவே பூக்காது. நீரில் வாழும் பெரணி.)

ஆக்ஸாலிஸ் இனத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் இருநூறுக்கு மேல் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் வாழ்கின்றன. மீதியில் பெரும்பகுதி தென், மத்திய அமெரிக்கா. நம் கத்தரிப்பூ நிறக்காரர், ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸ், பிரேசில், பராகுவே, பொலிவியா, அர்ஜென்டினா பகுதிகளைச் சேர்ந்தவர். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறினால், இளஞ்சிவப்பு செதில்கள் அடுக்கிய விரல்நீளத்துக்கும் குறைவான துண்டுகள் உதிரும். குட்டி மக்காச்சோளக் கதிர்கள் என்றே சொல்லலாம். இவைதான் செடியின் பண்டகசாலை. மாவுச்சத்தும் நீரும் இங்கே சேமிப்பாகும். சில ஆக்ஸாலிஸ்களில் இந்தக் கிழங்குக்குப் பதிலாக உள்ள குமிழுக்கு அடியில் கண்ணாடிபோலத் தண்ணீர் நிறைந்த தடித்த வேர் ஒன்றும் வளரும். அது சுருங்கும்போது குமிழை இன்னும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆடு மேய்ந்தாலும், தீ பரவினாலும், ஆறு மாதம் மழை பொய்த்தாலும் மேல்பகுதியை இழந்துவிட்டுக் கீழே பத்திரமாகக் கிடக்க ஏற்பட்ட அமைப்பு இது. இலை இதற்கு வரவு செலவு மாதிரி, கிழங்கு முதல்.

இதைப் புரிந்துகொண்டால், எப்படி வளர்ப்பது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

தொட்டியில்

பெரிய தொட்டி வேண்டாம். ஆறு அங்குல வாயுள்ள தொட்டி போதும். அதில் நாலைந்து கிழங்கு. பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும், கிழங்கு அழுகும். வேர்கள் கொஞ்சம் நெருக்கியடித்து இருப்பதே இதற்குப் பிடித்தம். கிழங்கை ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் ஆழத்தில் படுக்கவைத்தால் போதும். எது தலை, எது கால் என்று தேட வேண்டாம். முளை தானே வழி கண்டுபிடித்து வரும்.

கலவையில்தான் சமவெளிக்காரர்கள் சறுக்குகிறார்கள். மாடித்தோட்டத்தில் கத்தரிக்கும் தக்காளிக்கும் போடுகிற செம்மண் மிகுந்த கலவை இதற்கு ஆகாது. ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றியதும் அடியில் இறங்கிவிடும். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் கலந்தால் நல்லது. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். அதிலுள்ள உப்பு தளிரின் விளிம்பைக் கருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் மண் மேல் வெள்ளையாகப் பூத்துக்கொண்டால், மாதம் ஒரு முறை மழைநீரால் நன்றாகக் கழுவி ஓடவிடலாம்.

மண்தொட்டியா, பிளாஸ்டிக்கா? மழைக்காலத்தை நினைத்து மண்தொட்டிக்கே என் ஓட்டு. பக்கவாட்டில் மூச்சு விடும், ஈரம் சீக்கிரம் குறையும். பார்வைக்கும் அந்தக் காவி நிறத்துக்கு முன்னால் கத்தரிப்பூ நிறம் எடுப்பாக நிற்கும். பீங்கான் தொட்டிதான் வேண்டும் என்றால் அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளையில்லாத அழகுத் தொட்டியைவிட இந்தச் செடிக்குப் பெரிய எதிரி கிடையாது.

வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சி வெயில் கூடாது. கிழக்குப் பார்த்த பால்கனி உத்தமம். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டால் நிறம் கறுத்துத் திரளும். மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் இலை நடுப்பகலிலேயே மடிந்து, விளிம்பு காகிதமாகிவிடும். கூடத்து மூலையில் வைத்தால் காம்பு நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகவே மொத்தச் செடியும் சாயும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவைக்க வேண்டியிருக்கும். முளைவிட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன்பின் வேகம்தான். இலைக்கு மேலே மெல்லிய தண்டில் வெளிர் ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ ஐந்திதழ்ப் பூக்கள் கொத்தாக வரும். பூ அழகுதான், ஆனாலும் இந்தச் செடியைப் பூவுக்காக வாங்குகிறவர் ஏமாறுவார் என்றே சொல்வேன். நிறமும் அசைவும்தான் இதன் சொத்து.

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர். அன்றாடம் ஒரு டம்ளர் என்ற கணக்கு இங்கே செல்லாது. உரம் மாதம் ஒரு தரம், அட்டையில் போட்டிருக்கும் அளவில் பாதி. மண்புழு உரம் இருந்தால் அதுவே போதும்.

பூச்சி என்று பார்த்தால் வறண்ட நாட்களில் செஞ்சிலந்தி. இலையின் அடியில் நூலாம்படையும், மேலே ஊசி குத்தியதுபோன்ற வெளிர்ப் புள்ளிகளும் தெரியும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் அவ்வப்போது வரும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் துகள் ஒட்டியிருந்தால் அது துருநோய். (மக்காச்சோளத்தைத் தாக்கும் துருப்பூஞ்சை ஒன்றும் தன் வாழ்வின் ஒரு கட்டத்தை ஆக்ஸாலிஸ் இலையில் கழிக்கக்கூடியது. சோளக்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.) மற்றச் செடிகளுக்கு மருந்து தேடி அலைய வேண்டும், இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்த இலையையும் மண்ணோடு ஒட்டக் கத்தரித்து, அப்புறப்படுத்திவிடுங்கள். முதல் கிழங்கில் பத்திரமாக இருப்பதால், இரண்டு மூன்று வாரத்தில் சுத்தமான புது இலை வரும். நீண்டு தொங்கிப்போன செடிக்கும் இதே வைத்தியம்தான்.

இரண்டு தூக்கம்

சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது இந்தத் தொட்டியின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூன்று இலைத்துண்டுகளும் கீழ்நோக்கி மடிந்து காம்போடு ஒட்டிக்கொள்ளும். காலையில் மறுபடி விரியும். மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் சிறு திண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் வெளியேற, அந்தப் பக்கம் தளர்கிறது; இலை மடிகிறது. தசையில்லாத அசைவு. 1880இல் வெளிவந்த தாவர அசைவுகள் பற்றிய நூலுக்காக சார்லஸ் டார்வின், மகன் ஃபிரான்சிஸோடு சேர்ந்து, ஆக்ஸாலிஸ் உட்படப் பல செடிகளின் இலைகளை மடியவிடாமல் தக்கையில் குத்தி நிறுத்திப் பனி இரவில் வெளியே வைத்தார். விரிந்தபடி நின்ற இலைகள், மடிந்து தூங்கியவற்றைவிட அதிகமாகக் கருகின. பனியே விழாத நாட்டுச் செடிகளும் ஏன் தூங்குகின்றன என்பதில் தாவரவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த விடை இல்லை.

கலிஃபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரங்களுக்கு அடியில் வாழும் ஆக்ஸாலிஸ் ஒரேகானா இதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டும். அந்த இருட்டில் முழு வெயிலின் இருநூறில் ஒரு பங்கு வெளிச்சத்திலேயே அது உணவு தயாரிக்கிறது. மரக்கிளை இடைவெளியில் வெயில் கீற்று ஒன்று நேரே விழுந்துவிட்டால் சில நிமிஷங்களில் இலையை மடித்துக்கொண்டு, கீற்று நகர்ந்ததும் மறுபடி விரிக்கிறது. நம் தொட்டிச் செடி மத்தியானத்தில் மடிந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை என்று ஓடிப்போய் ஊற்றுவதற்கு முன், இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். வெயில் கூடுதல் என்று அது சொல்கிறது. மண் ஈரமாக இருந்தால் தொட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

இரண்டாவது தூக்கம் வருஷத் தூக்கம். செடியைச் சாகக் கொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டி நிலைத்துவிட்டால் ட்ரையாங்குலாரிஸ் கடையை மூடத் தயாராகிறது. சென்னையிலும் மதுரையிலும் பங்குனி பிறக்கும்போதே இலை சிறுக்கும், ஓரம் வெளுக்கும், ஒவ்வொன்றாகச் சாயும். உடனே நாம் செய்வது இரண்டு: தண்ணீரை அதிகமாக்குவோம், உரம் போடுவோம். இலை இல்லாத செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வெந்நீர்போலச் சூடேறிய ஈர மண்ணில் கிழங்கு வெந்து அழுகும். அனுபவசாலி நர்சரிக்காரர்கள் இந்தக் கட்டத்தில் சொல்வது ஒன்றே ஒன்று: “தண்ணி ஊத்துறத நிறுத்துங்க சார், அது தூங்கப் போவுது.”

அதேதான் வழி. நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டு, தொட்டியை நிழலான, மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில், பரணுக்குக் கீழே, எங்கே வேண்டுமானாலும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அதை மறந்துவிடலாம். மண் தூளாகிவிடாமல் இரண்டு வாரத்துக்கொரு முறை கொஞ்சம் தெளித்தால் சரி. வீட்டில் மற்றவர்கள் வெறும் தொட்டி என்று வேறு செடி நட்டுவிடாதபடி ஒரு சீட்டு குத்திவைப்பது உத்தமம். ஒரு மாதம் தூங்கும் செடி உண்டு, மூன்று மாதம் தூங்குவதும் உண்டு. ஆனி, ஆடியில் காற்று குளிர்ந்ததும் வெளியே எடுத்துத் தண்ணீர் காட்டினால் மறுபடி முளைக்கும். சந்தேகமாக இருந்தால் விரலை விட்டு ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்தால் மட்டுமே குப்பைக்கு. கிழங்கைப் பிரித்து வேறு தொட்டிகளில் நடவும் இந்த எழுப்பும் வேளையே தோது.

பெங்களூரு, ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. செடி வருஷம் முழுக்கப் பச்சையாக, இல்லை கத்தரிப்பூவாக, நின்றாலும் நிற்கும்.

தூக்கத்தின் காலம் எல்லா வகைக்கும் ஒன்றல்ல என்பதில் நமக்கொரு வாய்ப்பு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் மழை பெய்வது குளிர்காலத்தில். அங்கத்திய ஆக்ஸாலிஸ்கள் குளிரில் வளர்ந்து கோடையில் தூங்கப் பிறந்தவை. வெர்சிகலர் என்ற வகை அவற்றில் தனி ரகம்: வெள்ளை இதழின் பின்விளிம்பில் சிவப்புக் கோடு, மொட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போது சுழல்சுழலாகத் தெரியும், வெயில் ஏறி விரிந்ததும் முன்பக்கம் வெறும் வெள்ளை. இதற்கு நல்ல வெயில் வேண்டும். குளிர்காலக் குமிழ்ச் செடிகளோடு இணையத்தில் விற்கும் ஆக்ஸாலிஸ் குமிழ்களை ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் தை, மாசியில் பூவைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும்போது அதைத் தூங்க அனுப்பிவிடலாம். மெக்ஸிகோவின் டெட்ராஃபில்லா இன்னொன்று; நாலு இலைத்துண்டுகள், நடுவில் செம்பழுப்புச் சிலுவைக் கறை. ஜெர்மனியில் புத்தாண்டுக்கு இதைச் சின்னத் தொட்டியில் வைத்து, புகைபோக்கித் துப்புரவாளர் பொம்மையைச் செருகி, அதிர்ஷ்டச் செடி என்று பரிசளிப்பது வழக்கம்.

தரையில் இறக்குமுன்

இனி தோட்டப் பாத்தி. தொட்டியில் செடியைக் காப்பாற்றிய அதே கிழங்கு இங்கே வழக்கை மாற்றிவிடுகிறது.

மத்தியதரைக்கடல் கரைகளில் தை, மாசி மாதங்களில் மஞ்சள் கம்பளம் விரித்ததாகப் படங்களில் பார்க்கிறோமே, அதில் பெரும்பகுதி கேப் பகுதியிலிருந்து போன ஆக்ஸாலிஸ் பெஸ்-காப்ரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்டாத் தீவின் ஒரு தோட்டத்தில் நடப்பட்டது. மால்டாக்காரர்கள் அதை இன்றும் ‘இங்கிலீஷ் களை’ என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே அது பரவியது முக்கியமாகக் குமிழ்க் குட்டிகளால். உழும்போதும் மண்ணை அள்ளிப் போகும்போதும் குட்டிகள் உடன் போயின. தெற்கு ஆஸ்திரேலியாவின் வயல்களிலும் அதே கதை.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீலகிரியின் உருளைக்கிழங்கு, காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைக் காட்டிலும் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியாவின் அருமை தெரியும். மீன்வால்போல அகன்ற பச்சை இலைத்துண்டுகள், ரோஜா நிறப் பூ. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து தங்கிவிட்ட செடி. தாய்க் குமிழைச் சுற்றி மெல்லிய தண்டுகள் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் குமிழ் உட்காரும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். மண்வெட்டியால் கொத்தினால் குட்டிகள் சிதறி, ஒன்று இருந்த இடத்தில் பத்து முளைக்கும். களைக்கொல்லி இலையைத்தான் கருக்கும். குமிழ் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் சாலையோரத்தில் ரோஜாப் பூவோடு நிற்கும் ஆக்ஸாலிஸைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பிடி பிடுங்கி வருகிறவர்கள், அதைத் தயவுசெய்து தரையில் வைக்க வேண்டாம். தொட்டியில் வைப்பதுகூட அவசியமில்லை.

ட்ரையாங்குலாரிஸ் அந்த அளவுக்கு அடாவடி இல்லை. அதன் கிழங்கு பெரிது, கண்ணுக்குத் தெரியும், கையால் பொறுக்கலாம். சாகுபடியில் இருக்கும் செடிகள் விதை வைப்பதும் அரிது. புளியாரைபோல முற்றிய காய் வெடித்து நாலு திசைக்கும் விதையைத் தெறிக்கவிடும் வேலை இதனிடம் இல்லை. அதனால் மலைப்பகுதிகளிலும் பெங்களூரு போன்ற மேட்டுநில ஊர்களிலும் மர நிழலில், நடைபாதை ஓரத்தில் இதைப் பாத்தியாக இறக்கலாம். நாலைந்து அங்குல இடைவெளியில் நட்டால் ஒரே பருவத்தில் மூடிக்கொள்ளும். தனியாக நட்டால் தூரத்திலிருந்து பார்க்கக் குழியாகத் தெரியும் கறுப்பு நிறம் இது. இளம்பச்சை இலை பக்கத்தில் இருந்தால்தான் துலங்கும். பெரணி, வெள்ளைக் கலேடியம், வெள்ளைக் கோடுள்ள சிலந்திச் செடி மூன்றும் நல்ல ஜோடி, மூன்றுக்கும் இதே நிழல் போதும். ஊட்டியின் உறைபனியில் இலை கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு தாக்குப்பிடித்து மறுபடி வரும்.

சமவெளியில் பாத்தி எனக்கு உடன்பாடில்லை. கோடையில் மூன்று மாதம் அந்த இடம் மொட்டைத் தரையாகக் கிடக்கும். பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் விடாமல் இருக்க முடியாது, விட்டால் இங்கே கிழங்கு அழுகும். அப்படியும் பாத்தியில்தான் வேண்டும் என்றால், தொட்டியோடு புதையுங்கள். வாய் விளிம்பு மண்மட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும். பருவத்தில் பாத்திச் செடியாகத் தெரியும், தூக்கம் வந்ததும் தொட்டியை உருவி நிழலுக்குக் கொண்டுபோய்விட்டு, அந்தக் குழியில் கோடை தாங்கும் வேறு தொட்டி ஒன்றை இறக்கிவிடலாம். கிழங்கு வெளியே ஓடவும் வழியில்லை.

நாய், பூனை, ஆடு வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புகளும். நிறையத் தின்றால் உடம்பின் கால்சியத்தைக் கட்டிப்போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரிய ஹோட்டல்களில் இந்தக் கத்தரிப்பூ நிற இலையைத் தட்டின் மேல் அலங்காரமாக வைக்கிறார்கள். இரண்டு இலையால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாம். நர்சரியிலிருந்து வந்த செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது, ஆகவே வாங்கிய கையோடு யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

தொட்டி மாற்றும்போது மிஞ்சும் பழைய மண்ணை அப்படியே காய்கறிப் பையில் கொட்டிவிடுவது மாடித்தோட்டக்காரர்களின் வழக்கம். ஆக்ஸாலிஸ் இருந்த மண்ணை முதலில் சலித்துவிடுங்கள். பொறுக்கிய கிழங்கைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், தபாலில்கூட ஈரமில்லாத காகிதத்தில் சுற்றி அனுப்பலாம். ஒரு வாரப் பயணத்துக்கு அது அசையாது. பச்சை இலை ரோஜாப் பூ வகையின் பொடிக் குமிழ்கள் கண்ணில் பட்டால் மட்டும் உரக்குழிக்கு அனுப்பாமல், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மொட்டைமாடி வெயிலில் சித்திரை, வைகாசி முழுக்கப் போட்டுவைத்து, அப்புறம் குப்பைவண்டியில் போடுங்கள்.